அறுந்த தூளியும் கறுப்பு முடியும்

“தூளி தானா அறுந்துபோச்சு! சும்மா தொங்கிக்கிட்டிருந்தது, தானா அறுந்துபோச்சு! இதையே எத்தனை தடவை கேட்பே?” என்று கத்தியது மந்தி என்ற பெண் குரங்கு.

“ஒழுங்கான பதில் வர்ற வரைக்கும் கேட்பேன்!” என்றது நண்டு.

குளக்கரை நாவல் மரத்தடியில் அன்று பழுதுபார்க்கும் நாள். மாதம் ஒரு முறை காட்டிலுள்ளவர்கள் உடைந்தது, கிழிந்தது எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு அங்கே வருவார்கள். நண்டு வெட்டும். தூக்கணாங்குருவி பின்னும். கூலி கிடையாது. ஆனால் சாமானைப் போட்டுவிட்டு ஊர் சுற்றப் போக முடியாது. கொண்டுவந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எப்படிக் கெட்டது என்றும் சொல்ல வேண்டும்.

பிடித்துக்கொள்ள எல்லோரும் தயார். சொல்லத்தான் ஆளில்லை! முயலின் முறம் தானாகக் கிழிந்ததாம். கரடியின் தேன்குட உறி தானாகப் பிரிந்ததாம். சாமான்களுக்கு அப்படி என்ன அவசரமோ!

“மந்தியக்கா, கோபப்படாதீங்க,” என்றது குருவி. “உரசித் தேய்ஞ்சிருந்தா மேல் முடிச்சை மட்டும் மாத்தினாப் போதும். பாரம் தாங்காம அறுந்திருந்தா கயிறு முழுக்க நைஞ்சிருக்கும். மொத்தமும் புதுசாப் பின்னணும்.”

“பாரமாம் பாரம்! என் குட்டி ஒரு விளாங்காய்க் கனம்தான்! என்னங்க, நீங்களே சொல்லுங்களேன்!” என்று புருஷன் கடுவனைப் பார்த்தது மந்தி.

கடுவன் முதுகைச் சொறிந்தது. “தே... தேய்ஞ்சுதான் இருக்கும்.”

குருவி முடிச்சை மட்டும் மாற்றியது. நண்டுக்கு மனம் ஆறவில்லை. வெட்டியெடுத்த பழைய நுனியைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தது.

“தேய்ஞ்ச நார் பஞ்சாப் பிரிஞ்சிருக்கும். இது வெடுக்குனு அறுந்திருக்கே! அட, நடுவிலே ஒரு கறுப்பு முடி! எவ்வளவு நீளம்! இது யாரோடது?”

மந்தி தன் கையைப் பார்த்தது. பழுப்பு. கடுவனின் கையைப் பார்த்தது. அதுவும் பழுப்பு. வரிசையில் நின்ற கரடி மட்டும் வானத்தைப் பார்த்தது.

“முடிதானே! எங்கிருந்தாவது பறந்து வந்திருக்கும்,” என்றது கடுவன் அவசரமாக.

மந்திக்குப் பொறுமை போய்விட்டது. தூளியைப் பிடுங்கிக்கொண்டு பக்கத்து விளா மரத்திலிருந்த தன் கிளைக்குத் தாவியது. குளத்தில் வந்து விழும் ஓடைக்கு நேர் மேலே இருந்தது அந்தக் கிளை. நேற்றுப் பெய்த மழையில் ஓடை சுழித்துச் சுழித்து ஓடியது. மந்தி தூளியைக் கட்டியது. முதுகில் தொற்றியிருந்த குட்டியைத் தூக்கியது.

கடுவன் தண்ணீரைப் பார்த்தது. குட்டியைப் பார்த்தது.

“போடாதே! குட்டியைப் போடாதே!” என்று அலறியது. “நான்தான்! நீ பழம் பறிக்கப் போன நேரத்திலே நானும் கரடியும் அதிலே உட்கார்ந்து ஆடினோம்!”

“ரெண்டு பேருமா?”

“ஒரே ஒரு ஆட்டம்தான்!”

“மூணு,” என்றது கரடி.

மந்தி குட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டது. எட்டி ஒரு விளாங்காயைப் பறித்துத் தூளிக்குள் போட்டு, மெதுவாக ஆட்டியது. புது முடிச்சு அப்படியே நின்றது. அதற்கு ஒரு சாண் கீழே கயிறு படக்கென்று அறுந்தது. காய் ஓடையில் விழுந்து, இரண்டு சுற்றுச் சுற்றி, கண்ணுக்கு மறைந்தது.

மந்தி அறுந்த தூளியை அவிழ்த்துக் கொண்டுவந்து குருவியின் முன்னால் போட்டது.

குருவி முழுக் கயிற்றையும் புதிதாகப் பின்ன உட்கார்ந்தது. கடுவனும் கரடியும் ஆளுக்கொரு நுனியைப் பிடித்துக்கொண்டன. நண்டு வரிசைப் பக்கம் திரும்பியது.

“அடுத்து வர்றவங்களாவது நடந்ததை நடந்தபடி சொல்லுங்களேன்!”

வரிசை முழுவதும் தரையைப் பார்த்தது.

கெட்டுப்போன விதத்தை மறைத்துவிட்டால், எத்தனை கெட்டிக்காரக் கைகள் சேர்ந்தாலும் அந்தப் பொருளைச் சரிசெய்ய முடியாது.