வத்சலா சொன்ன உதாரணங்கள்

ஆசிரமத்துச் சாமியின் பேச்சைத் தமிழ் தெரியாத வெளியூர்க்காரர்களுக்கு ஆங்கிலத்தில் சொல்வது வத்சலாவின் வேலை. அங்கே வருமுன் அவள் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தியவள்.

அன்று காலை தென்காசியிலிருந்து போன் வந்தது. அவளை விட்டுப் போய் வேறொருத்தியோடு வாழும் கணவர் சந்தானம் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாராம். அவளைப் பார்க்க வேண்டும் என்கிறாராம்.

போவதா வேண்டாமா என்று சாமியிடம் கேட்டாள்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த சாமி ஒரு பிடியை அவள் பக்கம் தள்ளினார்.

"நேற்று வந்த டாக்டர் என் பேச்சைப் பற்றி உன்னிடம் ஏதோ சொன்னாரே. உன் முகம் சுருங்கிப் போயிற்று."

"சிம்ப்ளிஸ்டிக் என்றார், சாமி."

"திட்டினாரா?"

"மரியாதையாக."

சாமி சிரித்தார். சிம்பிள் எனக்கும் தெரியும், இது அதற்கு என்ன உறவு என்று கேட்டார்.

அவள் கையிலிருந்த கீரையைக் காட்டினாள். "வேரைக் கிள்ளி எறிந்தால் அது சிம்பிள். இலையையும் சேர்த்து எறிந்துவிட்டு, வேலை முடிந்தது என்றால் சிம்ப்ளிஸ்டிக்."

"எங்கே போடுவார்கள் இந்தச் சொல்லை?"

ஏழை ஏன் ஏழை என்று கேட்டால் சோம்பேறி, அதனால் ஏழை என்கிறார்களே, அந்த மாதிரி பதிலுக்கு என்றாள்.

சாமி இன்னொரு வேரைக் கிள்ளினார். பிறகு கேட்டார். "சந்தானம் யார், அம்மா?"

"என்னை விட்டுப் போனவர்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"மழை நாளில் உங்கள் வீட்டில் யார் முதலில் எழுந்திருப்பது?"

அவர்தான் என்றாள். எழுந்து, அவள் கல்லூரிக்குக் கட்டப்போகும் ஈரச் சேலையை அடுப்புக்கு மேலே விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். சவரம் செய்யும்போது பாடுவார், சுருதி சேராது. கல்லூரிப் பிள்ளைகளின் விடைத்தாளை எடுத்து வாசித்துச் சிரிப்பார், அவள் பிடுங்கும்வரை. அவளுடைய அம்மா படுக்கையில் கிடந்தபோது அழுக்கான துணிகளை யாருக்கும் சொல்லாமல் அவர்தான் அலசிப் போட்டார். பொய்யும் சொன்னார், நிறைய. விட்டுப் போன அன்றும் குடங்களில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுத்தான் போனார்.

கீரை அவள் கையிலேயே வாடிக்கொண்டிருந்தது.

"சுருதி சேராத அந்தக் குரலுக்குத்தான் இன்னும் காது கிடந்து ஏங்குகிறது, சாமி. வெட்கமாக இருக்கிறது."

சாமி அவள் கையிலிருந்த கீரையை வாங்கிக்கொண்டார். அவளே எழுந்தாள். உள்ளே போய்ப் பையில் ஒரு மாற்றுச் சேலையை வைத்து எடுத்துவந்தாள். வாசலில் நின்று திரும்பினாள்.

"அந்தப் பெண் அங்கே இருப்பாள். நீங்கள் இவருக்கு யார் என்று கேட்டால் என்ன சொல்வேன்?"

"ஒரே சொல்லில் சொல்லிவிடாதே" என்றார் சாமி.