ஒளிமுகம் ஸ்டூடியோவில் இரண்டாவது முகூர்த்தம்

சுரண்டை பஜாரில் ஒளிமுகம் ஸ்டூடியோ எங்கே என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். கூடவே கொஞ்சம் சிரிப்பார்கள். முதலாளி குற்றாலிங்கம் அண்ணாச்சியின் மூளை புதுசு கலையாமல் இருந்தது, அதிகம் உபயோகிக்காததால். உதவிக்குச் சுடலைமணி, பிச்சையா என்று இரண்டு பேர். சொன்னதைச் சொன்னபடி செய்வதில் முதலாளியையே மிஞ்சியவர்கள்.

கடைக் கம்ப்யூட்டருக்கு வயதாகிவிட்டதால், ரிப்பேர் பார்க்கும் ஜெபசிங் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தான்.

"பழைய ஹார்ட் டிஸ்க்கை வெளிய எடுத்து வயர்ல மாட்டியிருக்கேன், அண்ணாச்சி. படமெல்லாம் அப்படியே இருக்கு. திறக்கதுக்கு முன்ன காப்பி எடுத்து வேற எடத்துல வச்சிருங்க. பாஸ்வேர்டு கேக்கும், அடிக்கும்போது யாரும் பாக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனான்.

அந்த டிஸ்க்கில்தான் அரிசி மில் சங்கரபாண்டியன் மகள் உலகம்மாளின் கல்யாணம் இருந்தது. மொத்தம் இரண்டாயிரத்து நானூறு படங்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் அன்று சாயங்காலமே மஸ்கட்டுக்குக் கிளம்புகிறார்கள். அங்கே இருக்கும் மாமியாரோ, கல்யாணப் படத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வீட்டுக்குள் விடுவேன் என்று சொல்லியிருந்தாள். நாலு மணிக்குப் படம் வேண்டும். அண்ணாச்சி முதலில் காப்பி எடுக்கும் வேலையில் இறங்கினார்.

"எத்தனை காப்பில?"

"பாஸ்போர்ட் சைஸ்னா எட்டு. அதானே நம்ம வழக்கம்?" என்றான் பிச்சையா.

டிஸ்க்கை ஸ்டூலில் உட்காரவைத்து, பின்னால் நீலத் திரை கட்டினார்கள். மேல்பாகம் மினுங்கியதால் சுடலைமணி லேசாகப் பவுடர் போட்டுவிட்டான். எட்டுப் படமும் நன்றாக விழுந்தன. அவற்றை எதிர்த்த பாத்திரக்கடையில் கொடுத்து, பத்திரம் பத்திரம் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வந்தார்கள்.

அடுத்தது பாஸ்வேர்டு. உதவியாட்கள் இரண்டு பேரும் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார்கள்.

"அண்ணாச்சி, யாரும் பாக்கக் கூடாதுன்னா நீங்களும் பாக்கக் கூடாதுல்லா?" என்றான் சுடலைமணி.

நியாயம்தான் என்று அண்ணாச்சியும் கண்ணை மூடிக்கொண்டார்.

"கம்ப்யூட்டரு பாக்குமே?" என்றான் பிச்சையா. கறுப்புத் துணியை எடுத்து மானிட்டர் மேல் போர்த்தினான்.

அண்ணாச்சி விரலால் தடவித் தடவி அடித்து முடித்தார். அவர் கண்ணைத் திறந்து, மற்ற இருவரும் திரும்பிப் பார்த்தால், எதிரே ஒரே கறுப்பு.

"போச்சே! இருட்டால்ல இருக்கு!"

"டிஸ்க்கு செத்துட்டு, அண்ணாச்சி."

"துணியைத் தூக்கிப் பாப்பமால?"

"யாரும் பாக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்கான்லா?" என்று சுடலைமணி கையைப் பிடித்துத் தடுத்தான். மூவரும் உட்கார்ந்து அழுதார்கள்.

சொன்னபடி நாலு மணிக்கு சங்கரபாண்டியன் மகளோடும் மருமகனோடும் வந்து இறங்கினார்.

"உங்க மக கல்யாணம் போயிட்டு, மொதலாளி" என்று அண்ணாச்சி தேம்பினார்.

"போனா? மறுபடி நடத்தும்வே!" என்று அவர் எரிந்து விழுந்தார்.

உடனே நடத்தினார்கள். மாமியார் பயத்தில் உலகம்மாளும் மறுப்புச் சொல்லவில்லை. மைக் வயரில் மஞ்சள் தடவித் தாலியாக்கினார்கள். சுடலைமணி பதினாறு சட்டை மாற்றிப் பதினாறு விருந்தாளியாக நின்றான். பிச்சையா வாயாலேயே நாதஸ்வரம் வாசித்தான்.

"போட்டோவுக்கு எதுக்குல சத்தம்?"

"மாப்பிள்ளை மொகத்துல களை வரணும்லா?"

மூன்றாவது முடிச்சு விழும்போது ஜெபசிங் திரும்பி வந்தான். துணியை இழுத்தான். டிஸ்க் எப்போதோ திறந்திருந்தது. இரண்டாயிரத்து நானூறு படமும் பளிச்சென்று வரிசையாக நின்றன. அண்ணாச்சிக்குப் போன உயிர் வந்தது. ஜெபசிங் தலையில் அடித்துக்கொண்டு சோடா குடிக்கப் போனான்.

"புதுக் கல்யாணத்தையும் இதுலயே சேத்து வையில" என்றார் அண்ணாச்சி. டிஸ்க்கில் இடமில்லை என்று கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது. எல்லோரும் யோசித்தார்கள்.

"பழைய கல்யாணத்துல பாதிப் பேரு பந்தியைப் பாத்துட்டு நிக்கான். புதுசுல ஒருத்தன்கூட கேமராவை விட்டுக் கண்ணெடுக்கலை" என்றான் சுடலைமணி.

சங்கரபாண்டியன் இரண்டையும் நிதானமாகப் பார்த்தார். "புதுசு மேல்" என்றார்.

பழைய படங்களை நிரந்தரமாக அழிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது.

"மரியாதையாக் கேக்கு பாருங்க. சரின்னு சொல்லுங்க, அண்ணாச்சி."

அண்ணாச்சி சரி என்றார். இடம் தாராளமாகக் கிடைத்தது. புதுக் கல்யாணம் அலுங்காமல் உள்ளே போய் உட்கார்ந்தது. சங்கரபாண்டியன் அண்ணாச்சியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார்.

"என் மக கல்யாணத்தைக் காப்பாத்திக் குடுத்துட்டீரேவே!"