வேடனின் ஓலை எது

வெகு காலத்துக்கு முன்னால், மலையும் அடர்ந்த காடுமாகக் கிடந்த வேங்கைநாட்டை மகிபாலன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் போட்ட சட்டத்தைச் சாயங்காலம் எடுத்துவிடுவார். எடுத்ததை மறுநாள் மறந்தும் போவார். அவருடைய சபையில் காட்டுக்குப் பொறுப்பாக இருந்தவர் புண்ணியகோடியார்.

புண்ணியகோடியாருக்கு மான் என்றால் உயிர். அடிபட்ட மானைப் பார்த்தால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. அது நிஜம். ஆனால் அவர் மனசில் இன்னொன்றும் இருந்தது. அமைச்சர் சாத்தப்பர் வாயைத் திறந்தால் ராஜா சிரிப்பார், சபையே சிரிக்கும். தன் பேச்சுக்கும் ஒரு நாள் அப்படிச் சிரிக்க மாட்டார்களா என்று பதினைந்து வருஷமாகப் பொருமிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள், அம்பு பட்டுச் செத்துக் கிடந்த தாயின் பக்கத்தில் நின்ற மான்குட்டியைச் சபைக்குத் தூக்கி வந்தார். அது ராஜாவின் விரலைச் சப்பியது. ராஜா அழுதேவிட்டார்.

“இனி என் காட்டில் வேடர் ஒருவரும் இருக்கக் கூடாது” என்றார். வருஷா வருஷம் தாம் போகும் வேட்டையை மட்டும் சட்டத்திலிருந்து விலக்கிக்கொண்டார்.

“மன்னா, வேடர்களையும் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே” என்றார் சாத்தப்பர்.

“மானைப் பற்றிப் புலியிடம் யோசனை கேட்கச் சொல்கிறீரா, அமைச்சரே? அதுவும் அது பசியோடு இருக்கிற நேரம் பார்த்தா?” என்றார் புண்ணியகோடியார்.

சபை குலுங்கியது. ராஜா தொடையைத் தட்டிச் சிரித்தார். சாத்தப்பரும் சிரித்துவிட்டார். வேறொன்றும் பேசாமல் சபை கலைந்தது. புண்ணியகோடியார் அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்து ஒரு வாரம் மகிழ்ந்தார்.

நாற்பது வேடர் குடும்பங்கள் கொட்டுகிற மழையில் காட்டை விட்டு இறங்கி, ஆற்றோரச் சதுப்பில் குடிசை போட்டன. ராஜா நாலு நாளில் மறந்துவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அந்த ஒரு சட்டத்தை மட்டும் அவர் மறக்கவில்லை.

மூன்று வருஷம் போயிற்று. மான் பெருகவில்லை. புண்ணியகோடியார் வைத்த காவலாளிகள் வழி தெரியாமல் காட்டு ஓரத்திலேயே சுற்றி வந்தார்கள். வேட்டைக்குப் போன ராஜா பத்து நாள் அலைந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்.

“மானெல்லாம் எங்கே?” என்று சபையில் கேட்டார்.

“வேடர்கள் திருட்டுத்தனமாக அடித்திருப்பார்கள்” என்றார் புண்ணியகோடியார்.

வேடர் தலைவன் உடும்பனை அழைத்து வந்தார்கள். ஆள் பாதியாக இளைத்திருந்தான். “நாங்க இருந்தவரைக்கும் மான் இருந்துச்சுங்க. அப்புறம் என்ன ஆச்சுன்னு இவரைத்தான் கேக்கணும்” என்றான்.

“உங்கள் இரண்டு பேரில் ஒருவர் பொய் சொல்கிறார். அவர் நாட்டை விட்டே போக வேண்டும். சாத்தப்பரே, நாளைக்குள் கண்டுபிடியும்” என்றார் ராஜா.

சாத்தப்பர் இருவரையும் தனித்தனி அறையில் உட்காரவைத்து, எழுத்தர் ஒருவரையே இரண்டு அறைக்கும் மாறி மாறி அனுப்பி, பதில்களை ஓலையில் எழுதவைத்தார். கேள்வி ஒன்றுதான்: மான் பெருக என்ன செய்ய வேண்டும்?

மறுநாள் இரண்டு ஓலைகளோடு சபைக்கு வந்தார். “மன்னா, இதில் பெயர் போடவில்லை. வேடனின் ஓலை எது என்று தாங்களே சொல்லுங்கள்.”

முதல் ஓலையைப் படித்தார். சினை மானை யாரும் தொடக் கூடாது. குட்டி போடும் மாதங்களில் வேட்டைக்கே கிளம்பக் கூடாது. வலை வீசி மந்தையாகப் பிடிக்கிறவனை விடக் கூடாது. கோடையில் ஊற்றுகளைத் தூர்வார வேண்டும். பறையடித்து, நாய்களோடு ராஜ பரிவாரம் வேட்டைக்கு வரக் கூடாது.

“இது புண்ணியகோடியார்தான்” என்றார் ராஜா. “மான் பாசத்தில் என்னையே தடுக்கிறார். போகட்டும்.”

இரண்டாவது ஓலையிலும் சினை மான், குட்டி போடும் மாதம், வலை, ஊற்று எல்லாம் அப்படியே வந்தன. கடைசி வரி மட்டும் வேறு. வழியும் தண்ணீரும் தெரிந்த ஆட்கள், காட்டுக்குள்ளேயே குடியிருந்து காவல் காக்க வேண்டும்.

“பார்த்தீர்களா, திரும்ப உள்ளே நுழையத் தந்திரம் செய்கிறான். இதுதான் வேடனுடையது.”

“மாற்றிச் சொல்லிவிட்டீர்கள், மன்னா” என்றார் சாத்தப்பர்.

புண்ணியகோடியார் தலையைக் குனிந்துகொண்டார். இரண்டாவது ஓலை அவருடையது. காவலாளிகள் படும் பாட்டை நினைத்து உண்மையாகத்தான் சொல்லியிருந்தார். சொன்னபோது உடும்பனின் நினைப்பே அவருக்கு வரவில்லை.

“பொய்யர் யார்?” என்று கேட்டார் ராஜா, குரல் இறங்கி.

“இரண்டு ஓலையிலும் பொய் இல்லை. வேடர்களை அன்றைக்கே கேட்டிருக்கலாம். நாம் சிரித்துவிட்டோம். நானும்தான் சிரித்தேன்.”

ராஜா சட்டத்தை எடுத்துவிட்டார். தம் வேட்டையையும் விட்டார். சாத்தப்பருக்குத் தம் தோளில் இருந்த பட்டுச் சால்வையைப் போர்த்தினார். உடும்பனிடம், “உனக்கு என்ன வேண்டும், கேள்” என்றார்.

“காட்டுக்குப் போக விட்டாப் போதுங்க. நாப்பது குடும்பம் இறங்கினோம். சதுப்புக் காய்ச்சல்ல போனது போக, பதினெட்டுதான் மிச்சம். மலையில ஒம்பது ஊத்து இருக்கு. ஒம்பதும் எங்கப்பனுக்குத்தான் தெரியும். அவரும் போயிட்டாரு. எனக்கு அஞ்சுதான் தெரியும்.”



அந்தக் கோடையில் புண்ணியகோடியார் மண்வெட்டி எடுத்துக்கொண்டு உடும்பனோடு மலையேறினார். இருவருமாக ஐந்து ஊற்றையும் தூர்வாரினார்கள். ஆறாவதைத் தேடி ஒரு சரிவில் தோண்டிக்கொண்டிருந்தபோது புண்ணியகோடியார் நிமிர்ந்தார்.

“உடும்பா, நீங்கள் காட்டை விட்டு இறங்கிய அன்று நீ என் வீட்டு வாசலில் வந்து நின்றாய். நான் ஊரில் இல்லை என்று சொல்லச் சொன்னேன். உள்ளேதான் இருந்தேன்.”

“தெரியுங்க. உங்க செருப்பு வெளியில கிடந்துச்சு.”

“என்ன சொல்ல வந்தாய்?”

“இதைத்தாங்க. வருஷா வருஷம் ஊத்தைத் தூர்வாரலேன்னா மான் நிக்காதுன்னு” என்று உடும்பன் தோண்டிய பள்ளத்தைக் காட்டினான்.

புண்ணியகோடியார் குனிந்து மறுபடியும் மண்வெட்டியைப் போட்டார். உடும்பன், “இங்க பாறை தட்டுதுங்க. நாலடி தள்ளித் தோண்டுங்க” என்றான். அவர் நாலடி தள்ளிப் போய்த் தோண்டினார்.