எட்டுத் தோள் பெட்டி

மலையூரில் தெங் கிழவர் செத்துப்போனார். செத்தது பெரிய சங்கதியில்லை. தூக்க ஆளில்லை, அதுதான் சங்கதி.

சீனத்தின் அந்தத் தென்மலைப் பக்கம் பிணப்பெட்டி என்றால் எட்டுத் தோள் வேண்டும். நாலு விரல் கனத்துக்குப் பலகை. நடுவயதிலேயே அவரவர் பெட்டியைச் செய்து கூடத்தில் போட்டுவிடுவார்கள். வருஷா வருஷம் அதற்கு அரக்கு பூசுவது வழக்கம். பூசப் பூசப் பெட்டி கனக்கும். தெங்கும் விடாமல் பூசினார். பெட்டி கனத்துக்கொண்டே போனது, ஊர் காலியாகிக்கொண்டே போனது.

தூக்க ஆள் ஒரு காலத்தில் முடிவாகித்தான் இருந்தது. ஒரே குதிரை வருஷத்தில் பிறந்த எட்டு இளவட்டங்கள், தெங்கும் அதில் ஒருவர், சேவல் ரத்தம் கலந்த சாராயத்தைக் குடித்துச் சத்தியம் செய்தார்கள். நம்மில் எவன் போனாலும் மற்றவன் தூக்க வேண்டும். எட்டில் ஒருவன் பெட்டிக்குள் போனால் வெளியே ஏழுதான் என்று அன்றைக்கு எவனுக்கும் உறைக்கவில்லை. எட்டுப் பேருக்கும் சேர்ந்தாற்போலத்தான் வயசாகும் என்பதும் உறைக்கவில்லை.

இப்போது மிச்சம் குவோ ஒருவர். கைத்தடியை ஊன்றிக்கொண்டு விடிந்ததும் புத்த மடத்துக்கு ஏறி வந்தார்.

மடத்தில் இரண்டே பேர். குரு சிஹாங்குக்கு நாற்பத்தைந்து வயசுதான், ஆனால் அறுபது வயசு அலுப்பு. சீடர் மிங்கோங் அவரைவிடப் பத்து வயது மூத்தவர். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, மொட்டையடித்துக்கொண்டவர்.

"சாமி," என்றார் குவோ. "தெங்கை அவன் பெண்டாட்டி பக்கத்தில் படுக்க வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவள் குழி மலை உச்சியில், படிகளுக்கெல்லாம் மேலே. அவனுக்கும் பக்கத்தில் அன்றைக்கே வெட்டிவைத்தாயிற்று. இன்றைக்கு முடியாவிட்டால் மகள் அவனை நகரத்துக்குக் கொண்டுபோய் எரித்து, சாம்பலைச் சுவரில் ஒரு பொந்தில் வைத்துவிடுவாளாம்."

"நாள் பார்த்துச் சொன்னதும் இன்றைக்குத்தானா?"

"இன்றைக்குத்தான். இருட்டுவதற்குள்."

குரு சீடரைப் பார்த்தார். "நீர்தானே வீடு வீடாய்ப் போய் எண்ணினவர். போய் எட்டுத் தோள் பாரும்."

மிங்கோங் இறங்கினார். பழைய பழக்கத்தில் முதல் கதவிலிருந்தே தட்டினார். பாதிக் கதவுகளில் பூட்டு. பள்ளிக்கூடத்தில் ஆடு கட்டியிருந்தது. அதன் சுவரில் 'ஒரு பிள்ளையோடு நிறுத்து' என்று எழுதியிருந்ததை வெள்ளையடித்து, மேலே 'மூன்று பெற்றுக்கொள்' என்று எழுதியிருந்தார்கள். மழை ஈரத்தில் இரண்டும் தெரிந்தன.

திறந்த கதவுகளில் கிழவிகள். "ஆம்பளையா? பொங்கித் தின்றுவிட்டுப் போக வருஷப் பிறப்புக்கு வருவான், அப்போது கேள்" என்றாள் ஒருத்தி. "என் இடுப்பைக் கழற்றித் தருகிறேன், எடுத்துக்கொண்டு போ" என்றாள் இன்னொருத்தி.

தெங் வீட்டில் மகள் லான் போனோடு நின்றாள். கீழே பட்டணத்தில் கூலிக்குத் தூக்குகிறவர்களைக் கேட்டிருந்தாள்.

"என்னம்மா சொன்னார்கள்?"

லான் அந்த ஆளின் குரலிலேயே சொன்னாள். "'அக்கா, படியா? எத்தனை படி? ஐயோ, எங்கள் பசங்களுக்கு முட்டி வலி அக்கா.' பசங்களுக்கு என்ன வயசென்று கேட்டேன். அறுபத்திரண்டாம்."

மிங்கோங் திரும்பி ஏறியபோது அவருக்கே மூச்சு வாங்கியது. குரு முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"தோள் கிடைத்ததா?"

"இல்லை, குருவே." வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "ஆயுசு முழுக்கக் கோடி கோடியாய் எண்ணினேன். உலகமே வாயைப் பிளக்கிற கணக்கு. ஒரு கிழவனைத் தூக்க எட்டுப் பேர் இல்லையே. எங்கே போனார்கள்?"

குரு துடைப்பத்தைச் சாய்த்து வைத்தார். "மரச் சுத்தியல் எங்கே வைத்தீர்?"

தெங் வீட்டுக் கூடத்தில் பெட்டி பளபளவென்று காலியாய்க் கிடந்தது. பிணம் பக்கத்தில் மூங்கில் படலில். குரு பெட்டியைச் சுற்றி வந்தார்.

"இது இந்த வீட்டுக்குள் எப்படி வந்தது?"

"பலகையாய் வந்தது," என்றார் குவோ. "தச்சன் இங்கேயே பூட்டினான்."

குரு சுத்தியலை ஓங்கி மூலையில் ஒரு தட்டுத் தட்டினார். அரக்கு விரிந்தது.

"சாமி, பெட்டியைப் பிரிப்பதா?" என்று பதறினார் குவோ. "எந்த ஊரில் நடக்கும் இது? பாட்டன் பூட்டன் காறித் துப்புவான்."

"துப்பட்டும். இறங்கி வந்து ஒரு தோள் கொடுத்துவிட்டுத் துப்பட்டும்."

பலகைகள் ஒவ்வொன்றாய்க் கழன்றன.

பெரிய பலகைகளை பலகைக்கு இருவராய்க் கிழவிகள் பிடித்தார்கள். இடுப்பைக் கழற்றித் தருகிறேன் என்றவள் ஆப்புகளை மடித்துணியில் கட்டிக்கொண்டாள். மூடிப் பலகையைக் குரு முதுகில் கட்டிக்கொண்டார். படலின் முன்பக்கம் மிங்கோங், பின்பக்கம் லான்.

"பொம்பளை தூக்கினால் செத்தவனுக்கு வழி தப்பும்," என்று முனகினார் குவோ.

"அப்பாவுக்கு வழி தெரியும் பெரியப்பா. நீங்கள் தலைமாட்டுப் பலகையைப் பிடியுங்கள்."

குவோ பிடித்தார். மற்றக் கையில் கைத்தடி. பத்துப் படிக்கு ஒருதரம் நின்றார்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை. அவசரப்படுத்தத் தெம்பும் இல்லை. உச்சியில் குரு பலகைகளைப் பூட்டி ஆப்படித்தார். குதிரை வருஷத்துக்காரரைப் பெண்டாட்டி பக்கத்தில் இறக்கும்போது வெளிச்சம் மிச்சமிருந்தது.

கிழவிகள் ஒவ்வொருவராய் இறங்கிப் போனார்கள். லான் மண்மேட்டைத் தட்டிக்கொண்டிருந்தாள். குவோ மட்டும் அசையவில்லை.

"அடுத்தது நான்தான், சாமி. சத்தியம் செய்தவர்களில் இனி யாருமில்லை. நாளைக்கு இந்தக் கிழவிகளும் இருக்க மாட்டார்கள். என்னை யார் கொண்டுவருவார்?"

குரு முதுகுக் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினார்.

"தெங்கைப் பார்க்க வருவீர் அல்லவா?"

"வராமல்? கால் ஓடுகிற மட்டும் வருவேன்."

"வரும்போது உம் பெட்டியில் ஒரு பலகையை எடுத்துக்கொண்டு வாரும். அந்தப் பாறைக்கடியில் நனையாது."

குவோ போய்ப் பாறைக்கடியில் கைத்தடியால் தட்டிப் பார்த்தார்.

மிங்கோங் விடவில்லை. "பலகை வந்துவிடும், குருவே. உடம்பு?"

"அதை இத்தனை வருஷமாய் இந்தப் படிகளில் யார் ஏற்றி இறக்கினார்கள் என்று அவரைக் கேளும்," என்றார் குரு.