இருட்டு வராத சோதனை

செம்மண்குளம் விமான நிலையத்தின் ஓடுபாதை முடிகிற இடத்தில், சுற்றுச்சுவருக்கு இந்தப் பக்கம், தண்ணிச்சாமியின் குடில் இருந்தது. தலைக்கு மேலே விமானம் இறங்கும்போது குடிலில் பேசிக்கொண்டிருப்பவர்கள் பாதி வார்த்தையில் நிறுத்திக்கொள்வார்கள். சத்தம் கடந்துபோன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். பழகியவர்களுக்கு அந்த இடைவெளி பிடித்துப்போய்விடும்.

சாமியின் பழைய பெயர் சுடலைமுத்து. அதே விமான நிலையத்தில் தீயணைப்பு வண்டியில் வேலை பார்த்தவர். யார் என்ன குறையோடு வந்தாலும் முதலில் ஒரு செம்புத் தண்ணீர் கொடுப்பார். வயிற்றுவலி என்று வந்தாலும் தண்ணீர்தான், மகன் பேச்சைக் கேட்பதில்லை என்று வந்தாலும் தண்ணீர்தான். அது உள்ளே இறங்கிய பிறகுதான் பேச்சு.

அவரிடம் நெடுங்காலமாக வந்துகொண்டிருந்த சீடர் கோமதிநாயகம். விமான நிலையத்தின் மின்சாரத்துக்கு அவர்தான் பொறுப்பு. குருவும் சீடரும் ஒரே வயதுக்காரர்கள், ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். "இவரு காவி கட்டிக்கிட்டாரு, நான் கட்டலை. அவ்வளவுதான் வித்தியாசம்" என்பார் கோமதிநாயகம்.

"துவைக்கிறவனுக்குத்தான் வே வித்தியாசம் தெரியும்" என்பார் சாமி.

அன்றைக்குப் பிற்பகலில் கோமதிநாயகம் வந்தபோது முகம் இறுகிக் கிடந்தது. தண்ணீரைக் குடித்துவிட்டுச் செம்பைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"சொல்லும் வே."

"ஒரு கேள்வி இருக்கு சாமி. கண்ணுக்குத் தெரியாத ஒண்ணை நம்புறது எப்படி?"

"கடவுளைப் பத்தியா கேக்கீரு?"

"இல்ல, பேட்டரியைப் பத்தி."

சாமி சிரிக்கவில்லை. பாயை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்ன நடந்துதுன்னு சொல்லும்."

கோமதிநாயகம் சொன்னார்.

விமான நிலையம் சில வருடங்களாக மாறிக்கொண்டே வந்தது. ஓடுபாதைக்கு அப்பால் ஆடு மேய்ந்த கரட்டு நிலம் முழுவதும் இப்போது சூரியத் தகடுகள். பயணிகளை விமானத்துக்கு அழைத்துப் போகும் பேருந்துகள் மின்சாரத்தில் ஓடின. நிற்கிற விமானத்துக்குக் குளிர்ச்சி கொடுக்க அதன் வாலில் ஒரு சின்ன இன்ஜின் இரைந்துகொண்டே இருக்குமே, அதையும் நிறுத்திவிட்டு நிலையத்திலிருந்தே கம்பியில் மின்சாரம் கொடுத்தார்கள். நிலையத்தின் வேலைகளில் இனிப் புகையே இருக்கக் கூடாது, கணக்கில் சுழியம் வர வேண்டும் என்பது திட்டம். வானத்தில் பறக்கிற விமானத்தின் புகை வேறு கணக்கு; தரையில் இருப்பதையாவது முதலில் முடிப்போம் என்று ரெபேக்கா சொல்வாள். இந்த வேலைகளுக்கெல்லாம் முன்னால் நின்ற இன்ஜினியர் அவள். கோமதிநாயகத்தின் கீழே இருப்பவள்.

மிச்சம் இருந்தது பழைய டீசல் ஜெனரேட்டர் ஒன்று. கரண்ட் போனால் ஓடுபாதை விளக்குகளை எரியவைப்பது அதுதான். அதன் இடத்தில் பேட்டரி அறை கட்டி முடித்தாயிற்று. ஒன்றுக்கு இரண்டு வரிசை, இன்னொரு துணைமின்நிலையத்திலிருந்து தனி லைன். திங்கட்கிழமை பார்வையிட ஆட்கள் வருகிறார்கள். அதற்குள் ஜெனரேட்டர் போயிருக்க வேண்டும். கோமதிநாயகம் 'போகலாம்' என்று சொன்னால்தான் போகும்.

அன்று காலையில் சோதனை வைத்தார்கள்.

"கரண்ட்டை நிறுத்து" என்றார் கோமதிநாயகம்.

ரெபேக்கா நிறுத்தினாள்.

அவர் கட்டுப்பாட்டு அறை ஜன்னல் வழியாக ஓடுபாதையைப் பார்த்துக்கொண்டு நின்றார். விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அவர் காத்திருந்தார்.

"நிறுத்தும்மா."

"நிறுத்திட்டேன் சார்."

"எப்போ?"

"அப்பவே சார். பேட்டரிக்கு மாறிடுச்சு."

"மாறலியே. விளக்கு அப்படியே எரியுதே."

"மாறினதாலதானே சார் எரியுது."

அவர் திரும்பவும் கரண்ட்டைக் கொடுக்கச் சொன்னார். திரும்பவும் நிறுத்தச் சொன்னார். இந்த முறை கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. விளக்குகளும் சிமிட்டவில்லை.

"சோதனை சரியா நடக்கலை" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார்.

சாமி அவர் கையிலிருந்த செம்பை வாங்கிக் கீழே வைத்தார்.

"இருட்டு வரலைன்னு ஃபெயில் போட்டீராக்கும்?"

"சிரிக்காதீரு சாமி."

"சிரிக்கலை. அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு?"

"கையில வச்சிருந்த ஸ்பானரைக் கீழ வச்சிட்டு வெளிய போயிட்டா. கூட இருந்த பையன்தான் சொன்னான், 'நல்லா வேலை செஞ்சா ஃபெயில், கெட்டுப்போனா பாஸ், இந்த ஸ்கூல்ல நான் படிக்கலை சார்'னு."

இப்போது சாமி சிரித்துவிட்டார். கோமதிநாயகத்துக்கும் உதட்டோரம் இழுத்தது. ஆனால் உடனே அடங்கிவிட்டது.

"உமக்குத் தெரியாதா சாமி? கரண்ட் போனா ஒரு மூச்சு நேரம் இருட்டு. அப்புறம் ஜெனரேட்டர் பிடிக்கும். தரை அதிரும். விளக்கு வரும். அந்த ஒரு மூச்சை வச்சுத்தான் நான் இத்தனை காலம் வேலை பாத்தேன். அது இல்லாம எதை வச்சு நம்ப? அந்த மழை நாளை மறந்துட்டீரா?"

"மறப்பேனா?" என்றார் சாமி.

அது இருவரும் இளவட்டமாக இருந்தபோது நடந்தது. அந்திநேரம், நல்ல மழை. ஒரு விமானம் இறங்குவதற்குத் தாழ்ந்து வந்துகொண்டிருந்தது. கரண்ட் போய்விட்டது. ஓடுபாதை இருந்த இடமே தெரியவில்லை. சுடலைமுத்து தீயணைப்பு வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். பவர் ஹவுஸில் கோமதிநாயகம் ஈரக் கையோடு நின்றார். ஜெனரேட்டர் ஒரு முறை இருமியது, அடுத்த இருமலில் பிடித்துக்கொண்டது. விளக்குகள் ஒரு வரிசையாக எழுந்து வந்தன. விமானம் இறங்கியது. பயணிகள் குடை விரித்துக்கொண்டு போனார்கள். என்ன நடந்தது என்று அவர்களுக்குத் தெரியவே தெரியாது. அன்று கோமதிநாயகம் அந்த ஜெனரேட்டரைத் தொட்டுக் கும்பிட்டார். ஆயுத பூஜைக்கு மற்ற மிஷின்களுக்கு ஒரு முழம் பூ என்றால் அதற்கு ஆளுயர மாலை.

"அப்படிப்பட்டதை இரும்புக்கடைக்கு அனுப்பச் சொல்லுதாங்க."

"உமக்குப் பேட்டரி மேல சந்தேகமா?"

"ஆமா."

"சரி. என்னை அங்க கூட்டிட்டுப் போரும். நான் அந்த ஜெனரேட்டரைப் பாத்து நாளாச்சு."

பவர் ஹவுஸ் சுற்றுச்சுவருக்கு வெளியே, பழைய ஊழியர் குடியிருப்பை ஒட்டி இருந்தது. குடியிருப்பில் இப்போது யாரும் இல்லை. வீடுகளுக்கு எண் மட்டும் இருந்தது. பவர் ஹவுஸ் வாசலில் ஒரு வேப்பமரம். புகைக்குழாயைப் பார்த்த பக்கம் அதன் பட்டை கறுத்திருந்தது.

ரெபேக்கா உள்ளே மேசையருகே நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது. சாமியைப் பார்த்ததும் கும்பிட்டாள்.

"நீங்களாவது சொல்லுங்க சாமி" என்றாள். "இந்த வருஷம் முழுக்க இந்த ஜெனரேட்டர் ஒரு தடவைகூட தேவைக்காக ஓடலை. ஆனா தினமும் ஓடுது."

"ஏன் தினமும்?"

"சார் தினமும் காலையில சோதனைக்கு ஓட்டுறாங்க. வாரத்துக்கு ஒரு நாள் ஓட்டினாப் போதும். நிலையத்துல மிச்சம் இருக்கிற புகையே சாரோட சோதனைதான்."

சொன்ன பிறகு அதிகமாகச் சொல்லிவிட்டோமோ என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். "கேன்டீன் வரைக்கும் போயிட்டு வாரேன் சார்" என்று வெளியே போய்விட்டாள்.

கோமதிநாயகம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓட்டும் வே, கேப்போம்" என்றார் சாமி.

"இப்பவா? காலையிலதான் ஓட்டினேன்."

"ஓட்டும்."

கோமதிநாயகம் பொத்தானை அழுத்தினார். ஜெனரேட்டர் இருமியது, பிடித்தது. கறுப்பாகப் புகை குபீரென்று வெளியே போய் வேப்பமரத்தில் மோதிக் கலைந்தது. தரை அதிர்ந்தது. ஜன்னல் கண்ணாடி ஒன்று கிடுகிடுவென்று ஆடத் தொடங்கியது.

இரண்டு பேரும் சுவர் ஓரமாக மர பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சாமி ஜெனரேட்டரைப் பார்க்கவில்லை. கோமதிநாயகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணை மூடியிருந்தார். காலையிலிருந்து இறுகிக் கிடந்த முகம் மெல்லத் தளர்ந்து, வேறு யாரோ ஒரு இளவட்டத்தின் முகம் போல ஆகியது.

சாமி அவர் காதருகே குனிந்தார். அந்தச் சத்தத்தில் கத்தித்தான் பேச முடியும்.

"இது பேட்டரி மேல இருக்கிற சந்தேகம் இல்லை வே."

கோமதிநாயகம் கண்ணைத் திறக்கவில்லை.

"இல்லை" என்றார். உதடு அசைந்ததை வைத்துத்தான் அது தெரிந்தது.

பிறகு அவரும் கத்திப் பேசினார். கத்திச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை அது. ஆனாலும் கத்தித்தான் சொன்னார்.

"என் ஆவுடை உசிரோட இருந்தப்போ இந்தக் குடியிருப்புலதானே சாமி இருந்தோம். நாலாம் நம்பர் வீடு. கரண்ட் போய் இது ஓட ஆரம்பிச்சா, இன்னைக்கு நான் வர லேட் ஆகும்னு அவளுக்குத் தெரிஞ்சிரும். ஆள் விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. போன் கிடையாது. இந்தச் சத்தம்தான் எங்களுக்குப் பேச்சு. நான் இங்க இதை ஓட்டிக்கிட்டு நிப்பேன், அவ அங்க கேட்டுக்கிட்டு இருப்பா."

சாமி தலையாட்டினார்.

"எப்ப வீட்டுக்குப் போனாலும் சரி, தோசை கல்லுலருந்து அப்பத்தான் எடுத்த மாதிரி சூடா இருக்கும். எப்படின்னு நான் கேட்டதே இல்லை. கேக்கணும்னு தோணலை. சாப்பிட்டுட்டுப் படுத்திருவேன்."

கண்ணாடி ஆடிக்கொண்டே இருந்தது.

"அவ போன பிறகு வீட்டுல அவ சத்தம் ஒண்ணும் இல்லை சாமி. போட்டோ இருக்கு, புடவை இருக்கு. சத்தம் இல்லை. காலையில வந்து இதை ஓட்டிவிட்டா, நாலாம் நம்பர் வீட்டுல அவ காது கொடுத்துக் கேட்டுக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கும். ரெபேக்கா கிட்ட இதைப் போய் எப்படிச் சொல்ல? சோதனைன்னு சொல்லிக்கிட்டேன். எனக்கே அப்படித்தான் சொல்லிக்கிட்டேன்."

அவர் கண்ணைத் துடைத்தார். டீசல் புகை பட்டதுபோல் துடைத்தார்.

"இதை அனுப்பிட்டா அவ எதைக் கேட்டுக்கிட்டு நிப்பா சாமி? நீர் சொல்லும்."

சாமி திரும்பினார். திறந்திருந்த கதவு வழியாகக் குடியிருப்பைப் பார்த்தார். நாலாம் நம்பர் வீட்டுக்கு நேர் எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம், பழைய தீயணைப்பு நிலையத்தின் வாசல் தெரிந்தது. கதவு பூட்டிக் கிடந்தது.

"நான் அந்த வாசல்ல ஸ்டூல் போட்டு உக்காந்திருப்பேன்லா" என்று கத்திச் சொன்னார். "வண்டி புறப்படாத நாள்ல எங்களுக்கு என்ன வேலை? ரோட்டைப் பாக்க வேண்டியது, வீடுகளைப் பாக்க வேண்டியது."

கோமதிநாயகம் தலையாட்டினார்.

"இது ஓட ஆரம்பிச்சா ஆவுடை வீட்டு வாசலுக்கு வந்து நிக்கும். உள்ள போகாது. மழையானாலும் முந்தானையைத் தலையில போட்டுக்கிட்டு அங்கனயே நிக்கும். ஒரு நாள் எனக்கே மனசு கேக்கலை. 'என்ன தாயி, ஜெனரேட்டர் சத்தம் உனக்கு அவ்வளவு பிடிக்குமா, இப்படி நின்னு கேக்கே?' அப்படின்னு கேட்டேன்."

கோமதிநாயகம் கண்ணைத் திறந்தார்.

"என்ன சொன்னா?"

"'பிடிக்கவாண்ணே? தலை வெடிக்குது. இது எப்ப நிக்கும்னு பாத்துக்கிட்டு நிக்கேன். நின்னாத்தான் அவுக வருவாக, நான் போய் கல்லை அடுப்புல போடணும்'னு சொல்லுச்சு."

கோமதிநாயகம் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து போய் அதை நிறுத்தினார்.