அழுங்கின் மூன்றாம் செதில்

அந்தக் காலத்தில் அழுங்குக்குப் பசியும் கிடையாது, நகமும் கிடையாது. எறும்புத்தின்னி என்று சொல்கிறோமே, அதேதான். அப்போது அது எறும்பையும் தின்னவில்லை, காட்டிலும் திரியவில்லை. தலை முதல் வால் வரை இரும்பு. வானத்தில் நடந்த பெரும் போரில் அதுவும் ஒரு வீரன். நம்ப மாட்டீர்களா? அதன் முதுகை ஒரு தடவை தட்டிப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

கறையானும் உடும்பும் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த காலம் அது. நட்சத்திரங்களும் பேசும். கொஞ்சம் கூடுதலாகவே பேசும். அந்த வானத்தை எண்டிசையான் என்று ஒருவன் பிடித்துக்கொண்டான். எட்டுத் திசையும் எனக்கே என்றான். எதிர்த்துப் பேசிய நட்சத்திரத்தை, விளக்குத் திரியை நசுக்குவதுபோல இரண்டு விரலால் நசுக்கி வாயில் போட்டுக்கொண்டான். ருசி கண்டுவிட்டான் பாவி! பிறகு பேசாமல் இருந்தவற்றையும் தின்றான். கடைசியில், நாளுக்கு ஒரு நட்சத்திரம் உள்ளே போகாவிட்டால் அவனே அணைந்துபோவான் என்ற நிலைக்கு வந்துவிட்டான்.

அவனிடம் இன்னொரு வித்தையும் இருந்தது. ஒரு குரலை ஒரே முறை கேட்டால் போதும், அச்சு அசலாகப் பேசிவிடுவான். பெற்றவளுக்கே வித்தியாசம் தெரியாது.

செவ்வாய்க் கிரகத்தில் உலையாத்தா என்று ஒருத்தி இருந்தாள். விண்கல்லை உருக்கி இரும்படிப்பதுதான் அவள் வேலை. எண்டிசையானை எதிர்க்க அவள்தான் படை செய்து கொடுத்தாள். கை கால் எல்லாம் நம்மைப்போல. நெஞ்சுக்குள் ஒரு துண்டுத் தணல், வயிற்றுக்குள் பல் சக்கரங்கள். இப்போது ரோபோ என்கிறார்கள், அப்போது இரும்பர் என்றார்கள். ஒவ்வொரு இரும்பனுக்கும் ஒரே வேலை. எறிகிறவனுக்கு எறிய மட்டும் தெரியும். இடிக்கிறவன் இடித்துக்கொண்டே இருப்பான், போதும் என்று சொல்லும்வரை.

செதிலனுக்குச் சுருளத் தெரியும், அவ்வளவுதான். உடம்பெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகத் தகடு. உருண்டு மூடிக்கொண்டால் எந்தக் கொம்பனாலும் பிரிக்க முடியாது. வயிற்றுப் பக்கம் இரண்டு பேர் ஒண்டிக்கொள்கிற அளவுக்கு ஒரு பொந்து இருக்கும். அவனோடு ஒரே வார்ப்பில் பிறந்தவன் கொக்கியன். அவனுக்கு இரண்டு கையிலும் நீள நீளமாக வளைந்த நகங்கள். தோண்டுவதும் கீறுவதும் அவன் வேலை. ஒரே உலையில் பிறந்ததால் ஒருவரையொருவர் பங்காளி என்றுதான் கூப்பிடுவார்கள்.

தினம் சண்டை ஓய்ந்ததும் செதிலன் குப்புறப் படுத்துக்கொள்வான். தகடுகளுக்கு அடியில் சேர்ந்த தூசியையும் சிராய்களையும் கொக்கியன் நகத்தால் ஒவ்வொன்றாக நோண்டி எடுப்பான்.

"ஏன் பங்காளி, வானத்துத் தூசியெல்லாம் உன் முதுகைத் தேடித்தான் வருமா?"

"பேசாம சுத்தம் பண்ணு."

"பண்ணிக்கிட்டே பேசுறேன். எனக்கு ரெண்டும் வரும். உனக்குத்தான் உருள மட்டும் வரும்."

செதிலனின் இடது தோளில் மூன்றாவது செதில் கொஞ்சம் கோணல். ஏதோ அவசரத்தில் உலையாத்தா அடித்தது. அதை மற்றதுபோல மேலே தூக்கினால் சுருக்கென்று வலிக்கும். பக்கவாட்டில் மெதுவாக நெம்பி, உள்ளே நகத்தை விட்டு, ஒரு சுற்றுச் சுற்றி எடுக்க வேண்டும். இது கொக்கியனுக்கு மட்டும்தான் தெரியும். செய்தவளுக்கே தெரியாது. அவள் மனசு நோகுமே என்று இரண்டு பேரும் சொன்னதில்லை.

போர் நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டே வந்தது. நட்சத்திரத்தை ஒளித்து வைத்திருந்த இரும்பர் இரண்டு பேர், உலையாத்தாவின் குரலைக் கேட்டு ஏமாந்து திறந்துவிட்டார்கள். இரண்டு நட்சத்திரமும் போயின, அவர்களும் போனார்கள். கடைசியில் வானத்தில் மிஞ்சியது வெள்ளி ஒருத்திதான். சின்னவள், வாய் மட்டும் பெரிசு.

உலையாத்தா பங்காளிகள் இரண்டு பேரையும் கூப்பிட்டாள்.

"இவளைப் பூமிக்குக் கொண்டு போங்க. நாளைக்குப் பொழுது சாயுற வரைக்கும் இவள் அவன் கையில சிக்காம இருந்தாப் போதும், அவன் பட்டினியில அணைஞ்சுடுவான். செதிலா, நீ இவளை உள்ளே வச்சு மூடிக்க. கொக்கியா, நீ காவல்." பிறகு செதிலனின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். "யார் குரலையும் நம்பாதே. என் குரலாவே இருந்தாலும் நம்பாதே. என் சுத்தியல் அவனால தூக்க முடியாதது. அதால மூணு தட்டு தட்டுவேன். அப்போ திற."

"சரி ஆத்தா," என்றான் செதிலன்.

வெள்ளியோடு இருவரும் ஒரு மலைச் சரிவில் வந்து இறங்கினார்கள். சுற்றிலும் புற்றுகள். வாசலில் நின்ற கறையான்கள், "யாரப்பா நீங்க, இங்கே என்ன தோண்டுறீங்க?" என்று சண்டைக்கு வந்தன. கொக்கியன் அவற்றைச் சிரித்துப் பேசிச் சமாளித்து, ஒரு குழி பறித்து, செதிலனை அதில் உருட்டிவிட்டான்.

"பங்காளி, பத்திரமா இரு. நாளைக்கு சாயந்தரம் உன் முதுகுல வேலை நிறைய இருக்கும்."

செதிலன் மூடிக்கொண்டான். உள்ளே வெள்ளி ஆரம்பித்துவிட்டாள்.

"மூச்சு முட்டுது. கொஞ்சம் நகரு. இது என்ன இடமா, இடுக்கா? உன் சக்கரம் என் இடுப்பைக் குத்துது."

"சும்மா இரு தாயே."

"வழி முழுக்கச் சும்மாத்தான் வந்தேன். ஒரு ஆள் இருக்கவே இடம் பத்தலை."

மறுநாள் உச்சி வேளையில் எண்டிசையானின் நிழல் படை மலையேறி வந்தது. செதிலனுக்குச் சத்தம் மட்டும்தான் கேட்டது. கொக்கியனின் நகம் எதையோ கிழிக்கிற சத்தம். அவன் சிரிப்பு. பிறகு சிரிப்பு நின்றது, நகச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்று எல்லாம் அடங்கிப்போயிற்று. அவனும் கூட விழுந்துவிட்டானோ என்று செதிலனின் நெஞ்சில் தணல் படபடத்தது.

எண்டிசையான் இன்னும் அடிவாரத்தில்தான் இருந்தான். குரலை மட்டும் முன்னால் அனுப்பினான்.

"செதிலா, திறடா. போர் முடிஞ்சிருச்சு." உலையாத்தாவின் குரல். சுத்தியல் சத்தம் இல்லை. செதிலன் அசையவில்லை. அடுத்து, இறந்துபோன இரும்பர்களின் குரல்கள் வந்தன. ஏண்டா நீ மட்டும் ஒளிந்திருக்கிறாய் என்று கேட்டன. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான்.

கொஞ்ச நேரம் கழித்து, ரொம்பப் பக்கத்தில், குழிக்குள்ளேயே, கொக்கியனின் குரல் கேட்டது.

"பங்காளி... ஒரு கால் போச்சு. நடக்க முடியலை. அவன் கீழே இருந்து ஏறி வரான். கையளவு திற, நானும் உள்ளே வந்துடுறேன்."

"போடா எண்டிசையா!" என்று கத்தினான் செதிலன். "இந்த வித்தையெல்லாம் வேற ஆள்கிட்ட வச்சுக்க!"

"அட, நான்தான்டா. உனக்கு உருள மட்டும்தான் வரும்னு சொல்வேனே, அந்த நான்."

"அதையும் எங்கேயாவது நின்னு கேட்டிருப்பே."

வெளியே பேச்சு நின்றது. பிறகு செதிலனின் இடது தோளில் ஏதோ பட்டது. மூன்றாவது செதில். மேலே தூக்கவில்லை. பக்கவாட்டில் மெதுவாக நெம்பி, ஒரு நகம் உள்ளே வந்து, ஒரு சுற்றுச் சுற்றி, அன்றைய தூசியை எடுத்தது. வலிக்கவே இல்லை.

குரலைத் திருடலாம். அந்தக் கையைத் திருட முடியுமா?

செதிலனுக்குத் தெரிந்துவிட்டது. சந்தேகம் எள்ளளவும் இல்லை. வெளியே இருப்பது அவன் பங்காளிதான்.

அவன் பங்காளி என்று முணுமுணுத்ததில் வெள்ளிக்கும் புரிந்துவிட்டது. நேற்றிலிருந்து இடமில்லை இடமில்லை என்று புலம்பியவள், இப்போது தன்னை ஒரு மூலையில் சுருக்கிக்கொண்டு, "திற. நான் ஒடுங்கிக்கிறேன். ரெண்டு பேருக்கு இடம் இருக்கு," என்றாள். "சீக்கிரம் திறயேன்!"

செதிலன் திறக்கவில்லை.

ஆத்தாவின் ஆணை, ஆத்தாவின் ஆணை என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். அது பொய். அவனுக்குப் பயம். திறந்த அந்த ஒரு கணத்தில் எண்டிசையான் வந்து நின்றால்? எல்லாரும் போன மாதிரி தானும் போய்விட்டால்? அந்தப் பயத்தில் அவன் தகடுகள் முன்னைவிட இறுகிக்கொண்டன. உள்ளே வெள்ளி அழுதாள்.

நகம் இன்னொரு முறை அந்தச் செதிலுக்கு அடியில் சுற்றியது. பொறுமையாக, எப்போதும்போல.

"சரி பங்காளி," என்றான் கொக்கியன். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தாலாவது தேவலை. "நீ மூடியே இரு. கோணல் செதில் சுத்தமாயிடுச்சு. மத்ததை அப்புறம் பார்த்துக்கலாம்."

அதற்குப் பிறகு ஒரு பானைச் சோறு வேகிற நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. ஆமாம், அவ்வளவு நேரம் இருந்தது. தோளைப் பிடித்தபடி கொக்கியன் மாட்டியிருந்த இரண்டு கை நகங்களின் கனம் மட்டும் செதிலனுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. திற, திற என்று மனசு சொல்ல, இதோ, இதோ என்று அவன் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தான். பிறகு மலை அதிர்ந்தது. எண்டிசையான் வந்துவிட்டான். தோளில் ஒரு பெரிய இழுப்பு. இரும்பு பிய்கிற சத்தம். அவ்வளவுதான், கனம் குறைந்துவிட்டது.

எண்டிசையான் செதிலனை இடித்தான், மிதித்தான், பாறையில் மோதினான். தகடு ஒன்றுகூடப் பிரியவில்லை. மேற்கே பொழுது சாய்ந்தது. பசியில் ஓலமிட்டபடியே அவன் அணைந்துபோனான். அவன் வயிறு வெடித்து, விழுங்கிய நட்சத்திரமெல்லாம் சிதறி ஓடி அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தன.

மூன்று தட்டு கேட்டது. செதிலன் திறந்தான். வெள்ளி அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மேலே போய்விட்டாள்.

உலையாத்தா ஓடி வந்து அவனைக் கட்டிக்கொண்டாள். "என் ராசா! உலகத்தையே காப்பாத்திட்டேடா!"

செதிலனின் கண் தோளுக்குத்தான் போனது. மூன்றாவது செதிலுக்கு அடியில் இரண்டு கை நகங்களும் மாட்டிக்கொண்டு தொங்கின. நகங்கள் மட்டும்தான் இருந்தன.

"அவன் எங்கே?" என்று கறையான்களைக் கேட்டான்.

"உன்னைப் பிடிச்சுக்கிட்டு எவ்வளவோ நேரம் கிடந்தான்," என்றது ஒரு கிழக் கறையான். "அந்தப் பெரியவன் பிடிச்சு இழுத்தான். நகம் கழண்டு உன்கிட்டேயே நின்னுபோச்சு. ஆளைத் தூக்கி வெடிப்புக்குள்ள போட்டான். அப்புறம் மலை அதிர்ந்து மண்ணு மூடிக்கிச்சு. எந்தப் புத்துக்கு அடியில கிடக்கான்னு எங்களுக்கும் தெரியாதப்பா."

"தெரியாம நடந்தது. நீ என்ன செய்வே? என் சொல்லைக் காப்பாத்தினே," என்று தேற்றினாள் உலையாத்தா.

"எனக்குத் தெரியும் ஆத்தா." செதிலன் தலையைக் குனிந்துகொண்டான். "அவன்தான்னு தெரியும்."

கோணல் செதிலின் கதை முழுவதையும் அவன் சொன்னான். அவள் நெடுநேரம் அந்தச் செதிலைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"குரலை நம்பாதேன்னுதானேடா சொன்னேன்," என்றாள் கடைசியில். "கையை நம்பாதேன்னு சொன்னேனா?"

திட்டுவதற்காக அவள் அப்படிக் கேட்கவில்லை. அழுதுகொண்டேதான் கேட்டாள்.

இரும்பர்களையெல்லாம் அவள் செவ்வாய்க்குத் திரும்பக் கூட்டிப் போனாள். செதிலன் மட்டும் போகவில்லை.

"நான் இங்கேயே இருந்து அவனைத் தேடுறேன். இந்த நகத்தை என் கையில வச்சுத் தைச்சுக் கொடு ஆத்தா. எனக்குத் தோண்டத் தெரியாது."

"உலை இல்லாத ஊர்ல தணல் ரெண்டு நாளைக்குத்தான் தாங்கும். இங்கே இருக்கணும்னா சதையும் ரத்தமும் வேணும், பசி வரும், சாவும் வரும். உனக்குப் பிறகு?"

"என் பிள்ளைங்க தேடட்டும்."

அவள் அவன் நெஞ்சிலிருந்து தணலை எடுத்துவிட்டு உயிரை வைத்தாள். வயிற்றில் சக்கரத்தை எடுத்துவிட்டுப் பசியை வைத்தாள். கொக்கியனின் நகங்களைக் கையில் பொருத்தினாள். குரலையும் நல்லதாக ஒன்று செய்து தருகிறேன் என்றாள். அவன் வேண்டாம் என்று தலையாட்டினான். அவனைக் கூப்பிட்ட ஒரே உண்மைக் குரலுக்கு அவன் கொடுத்த பதில் வசைதான். அந்த வாயை வைத்துக்கொண்டு இனி என்ன செய்ய?

பொழுது சாய்ந்தால் அழுங்கு வெளியே வரும். கைநகங்களை உள்பக்கம் மடக்கிக்கொண்டு முட்டியால்தான் நடக்கும். அது இரவல் நகம், தேய்ந்துவிடக்கூடாதே! புற்றைக் கண்டால் மட்டும் நகத்தை நீட்டித் தோண்டும், உள்ளே முகத்தை விட்டுப் பார்க்கும், அடுத்த புற்றுக்குப் போகும். பசிக்கிற வயிறு ஆயிற்றே, நாக்கில் ஒட்டிய எறும்பையும் கறையானையும் விழுங்கியும் வைக்கும். தேட வந்தவன் நம் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டும் போகிறான் என்று கறையான்களுக்கு இன்றுவரை ஆற்றாமைதான்.

யாராவது தொட்டால் சுருண்டுகொள்ளும். அந்தப் பழைய பயம் இன்னும் போகவில்லை. ஆனால் குட்டியோடு போகிற அழுங்கைப் பாருங்கள். புலியே எதிரில் வந்து நின்றாலும் அதற்கு ஒரு காரியம் முந்தி இருக்கிறது. அன்று முதல்தான் அழுங்கு, எவ்வளவு பயந்தாலும், பக்கத்தில் இருப்பதை வயிற்றோடு அணைத்து உள்ளே எடுத்துக்கொண்ட பிறகே மூடிக்கொள்கிறது.