பன்னிரண்டு பேரும் ஓர் அழுங்கும்

அன்று குளக்கரை மருத மரத்தடியில் கூடியிருந்தவர்கள்: மூன்று தவளைகள், இரண்டு குரங்குகள், இரண்டு முயல்கள், ஒரு மான், ஒரு காட்டுப்பன்றி, ஒரு கீரி, ஓர் ஆமை, முள்ளி என்கிற முள்ளம்பன்றி. ஆகப் பன்னிரண்டு பேர். மேலே கிளையில் ஒரு காகம் உட்கார்ந்திருந்தது. அதை யாரும் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. முள்ளி மட்டும் சேர்த்துக்கொண்டாள். அவள் கணக்குக்குப் பதின்மூன்று.

பன்னிரண்டு பேரில் பந்தாடத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. குளத்துக் காட்டின் குழு பனங்காயை உதைத்து ஆடும்போது, கரையில் நின்று கத்துவதுதான் அவர்கள் வேலை. அதை அவர்கள் குறைவில்லாமல் செய்தார்கள்.

ஒவ்வொரு கோடையிலும் குளத்துக் காடும் மூங்கில் மேடும் மோதும். தோற்ற காடு, மழை வரும்வரை குளத்தின் கிழக்குக் கரையை விட்டுக்கொடுக்க வேண்டும். போன வருடம் குளத்துக் காடு தோற்றது. முள்ளியின் வளை கிழக்குக் கரையில்தான் இருந்தது. அவள் கோடை முழுவதும் பாறை இடுக்கில் கிடந்தாள். அப்போது அவள் தனி ஆள். இப்போது அவளுக்கு இரண்டு குட்டிகள். அவற்றுக்கு முள் இன்னும் கெட்டிப்படவில்லை. பாறை இடுக்கில் நரி மோப்பம் பிடித்தால் இரண்டும் மிஞ்சாது.

மற்ற பதினொரு பேரும் மேற்குக் கரைக்காரர்கள். அவர்களுக்கு அது விளையாட்டு. அவளுக்கு அது வீடு.

மறுநாள் எல்லைப் பாறையில் ஆள் எடுக்கும் நாள். ஒரு காடு ஒரே ஓர் ஆளைத்தான் கூப்பிடலாம். புதிதாக ஆட வந்த இளசுகளில் ஒருவரைக் கூப்பிடலாம். அல்லது, அடுத்த காடு கழற்றிவிட்ட பழைய ஆளைக் கூப்பிடலாம். வென்ற காடு முதலில் கூப்பிடும். தோற்ற காடு அதன் பிறகு. குளத்துக் காட்டில் கூப்பிடும் பொறுப்பு பார்வையாளர்களுக்கு முறைவைத்து வரும். இந்த வருடம் முள்ளியின் முறை.

"முள்ளி அக்கா! புள்ளிமான் குட்டியைக் கூப்பிடுங்க!" என்றது மான். "அவன் ஓடினா காத்துக்கே மூச்சு வாங்கும்!"

"ஓடி என்ன பண்றது? இடிச்சுத் தள்ள வேண்டாமா?" என்றது காட்டுப்பன்றி. "கரடிக்குட்டியை எடு! உடம்புதான் ஆட்டம்!"

"தாவணும்! தாவணும்!" என்றன மூன்று தவளைகளும். "மேலோடையில ஒரு நெட்டைக்கால் தவளை இருக்கான்!"

"சின்னப் பசங்களை வெச்சு என்ன செய்யப் போறீங்க?" என்றது பெரிய குரங்கு. "மூங்கில் மேட்டுக் கருமந்தி அண்ணனைக் கழற்றி விட்டிருக்காங்க. எத்தனை கோல் போட்ட கால் அது! கண்ணை மூடிக்கிட்டுக் கூப்பிடு!"

"அவ்வளவு நல்ல ஆளை ஏன் கழற்றி விட்டாங்க?" என்று முள்ளி மெதுவாகக் கேட்டாள்.

"அது அவங்க முட்டாள்தனம்!"

முள்ளி எல்லோரையும் பார்த்தாள். மானுக்கு ஓடுகிறவன் வேண்டும். பன்றிக்குப் பருத்தவன் வேண்டும். தவளைக்குத் தாவுகிறவன் வேண்டும். குரங்குக்கு வால் உள்ளவன் வேண்டும். காட்டுக்கு யார் வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

போன வருடம் குளத்துக் காடு மூன்று கோல் போட்டது, நான்கு வாங்கியது. அதற்கு முந்தின வருடமும் மூன்று போட்டது, நான்கு வாங்கியது. போடுவதில் குறையே இல்லை. வாங்குவதில்தான் குறை. கோல் காத்த கிழட்டு உடும்பும் இந்த மழையோடு விலகிக்கொண்டது.

"கோலுக்கு யார் நிக்கிறது?" என்றாள் முள்ளி.

"யாராவது நின்னுக்கலாம்! ஆமையை நிறுத்துவோம்!" என்றது கீரி.

"என்னை விட்டுடுங்கப்பா!" என்று ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

முள்ளியின் மனத்தில் ஒரு பெயர் இருந்தது. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல முடியாது. மேலே இருப்பது மூங்கில் மேட்டுக் காகம். இங்கே கேட்டதை அங்கே போய்ச் சொல்வதுதான் அதன் பிழைப்பு. குளத்துக் காடு யாரை விரும்புகிறதோ, அவனை மூங்கில் மேடு முந்திக்கொண்டு கூப்பிட்டுவிடும். இரண்டு வருடமாக அப்படித்தான் நடக்கிறது. கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள் என்று முள்ளி எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டாள். "எங்க கருத்தைச் சொல்ல எங்களுக்கு உரிமை இல்லையா?" என்று அவர்கள் இன்னும் உரக்கக் கேட்டார்கள்.

அப்போது மூன்று தவளைகளில் மிகச் சின்னது வாயைத் திறந்தது.

"கோலுக்கு அந்த அழுங்கு எப்படி? உடம்பெல்லாம் செதில். உருண்டு படுத்தா பந்து நுழையவே நுழையாதே!"

முள்ளியின் முதுகில் முட்கள் எல்லாம் சடசடவென்று எழுந்து நின்றன. அதுதான் அவள் மனத்தில் இருந்த பெயர்! காகம் கழுத்தை நீட்டியது.

இனி யோசிக்க நேரமில்லை. நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படும் முள்ளி, அன்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அழுங்கா? எறும்பைத் தின்னுட்டுத் தூங்குற அந்த மூட்டையா? அவன் கண்ணைத் திறந்து பார்க்கிறதுக்குள்ள ஆட்டம் முடிஞ்சு நாம வீடு போய்ச் சேர்ந்திருப்போமே!"

மற்ற பத்துப் பேரும் சேர்ந்து சிரித்தார்கள். "மூட்டை! மூட்டை!" என்று முயல்கள் குதித்தன. சின்னத் தவளை வெட்கப்பட்டுத் தண்ணீரில் முங்கிக்கொண்டது.

"என் முடிவு புள்ளிமான் குட்டிதான்!" என்று முள்ளி குளம் அதிரச் சொன்னாள். காகம் திருப்தியோடு சிறகடித்து மூங்கில் மேட்டுப் பக்கம் பறந்தது.

முள்ளி மூச்சு விட்டாள். அப்போதுதான் மரத்துக்குப் பின்னால் இருந்த கறையான் புற்றின் ஓரம் ஏதோ சரசரத்தது. எறும்பு தின்ன வந்த அழுங்கு, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு புல்லுக்குள் நடந்து போய்க்கொண்டிருந்தான்.

அன்று அந்த மரத்தடியில் இருந்தவர்கள் பதின்மூன்று பேர் அல்ல, பதினான்கு பேர். கணக்குத் தப்பாத முள்ளிக்கு அன்று கணக்குத் தப்பிவிட்டது.

சாயங்காலம் வரை அவள் சரிவெல்லாம் தேடினாள். "தம்பி! அழுங்குத் தம்பி!" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். அவன் அகப்படவில்லை.

மறுநாள் எல்லைப் பாறையில் இரண்டு காடும் கூடின. பாறையின் கீழே இளசுகள் வரிசையாக நின்றன. கருமந்தி வாலைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, கூப்பிடுவதற்கு முன்பே எழுந்து நின்றிருந்தது. வரிசையின் கடைசியில் ஒரு செதில் உருண்டை கிடந்தது. தலையும் தெரியவில்லை, வாலும் தெரியவில்லை.

மூங்கில் மேட்டுக்காகச் செந்நாய் முன்னால் வந்தது. முள்ளியைப் பார்த்து இளித்தது.

"புள்ளிமான் குட்டி!"

"போச்சு! எல்லாம் போச்சு!" என்று குளத்துக் காட்டு மான் தரையில் உட்கார்ந்துவிட்டது.

"கவலை எதுக்கு? கருமந்தி அண்ணனைக் கூப்பிடு!" என்று குரங்குகள் கத்தின. "கரடி! கரடி!" என்று பன்றி காலை உதைத்தது.

முள்ளி பாறைமேல் ஏறினாள்.

"அழுங்கு!"

எல்லாச் சத்தமும் ஒன்றாக வந்தது. "பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு?" "நேத்து நீதானே மூட்டைன்னு சொன்னே!" "ஐயோ, இந்த வருஷமும் அவ்வளவுதான்!" செந்நாய் விழுந்து புரண்டு சிரித்தது.

கூப்பிட்டால் வந்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. உருண்டை அசையவில்லை. முள்ளி இறங்கி அதன் அருகே போனாள். எல்லோரும் கேட்கும்படியே பேசினாள்.

"தம்பி, நேத்து நான் சிரிச்சது உன்னைப் பார்த்து இல்லை. காகத்தோட காதுக்காகச் சிரிச்சேன்."

"என் காதுக்கும் கேட்டுச்சு," என்றது உருண்டை.

செந்நாயின் சிரிப்பு நின்றது. அது திரும்பிக் காகத்தைப் பார்த்தது. காகம் வேறு பக்கம் பார்த்தது.

"கேட்டிருக்கும்," என்றாள் முள்ளி. "நீ அங்கே இருந்ததை நான் எண்ணலை. அது என் தப்பு. நீ இல்லைன்னா சிரிக்கலாம்னு நினைச்சேனே, அது அதைவிடப் பெரிய தப்பு."

"மூட்டையை எதுக்குக் கூப்பிடுறீங்க?"

"பன்றி அண்ணன் கிழங்கு தோண்டினப்போ சரிவுல ஒரு கல் உருண்டுச்சே, ஞாபகம் இருக்கா? நேரா என் வளையைப் பார்த்து வந்துச்சு. உள்ளே குட்டிங்க ரெண்டும் தூங்கிக்கிட்டு இருந்துதுங்க. நான் அந்தக் கரையில நின்னு அலறினேன். நீ தரையில காது வெச்சே. நாலு எட்டு நகர்ந்தே. உருண்டு படுத்தே. கல்லு உன் முதுகுல மோதி நின்னுடுச்சு. நீ எழுந்து மறுபடி எறும்பு தின்னப் போயிட்டே. அன்னைக்கே வந்து உன்கிட்ட நாலு வார்த்தை சொல்லியிருக்கணும். கூச்சப்பட்டு வளைக்குள்ளேயே இருந்துட்டேன்."

உருண்டை கொஞ்சம் தளர்ந்தது. நீள மூக்கு ஒன்று வெளியே வந்தது.

"அந்தக் கல்லு பெரிசுதான்," என்றான் அழுங்கு. "முதுகு ரெண்டு நாள் வலிச்சுது."

"வர்றியா தம்பி?"

"வர்றேன் அக்கா. ஆனா ஒண்ணு. உருண்டுட்டா எனக்குக் கண்ணு தெரியாது. தரை அதிர்றதை வெச்சுத்தான் பந்து எந்தப் பக்கம் வருதுன்னு கண்டுபிடிப்பேன். நான் கோல்ல இருக்கும்போது இவங்க எல்லாரும் வாயை மூடணும்."

"மூடிடுவோம்!" என்று பதினொரு பேரும் தொண்டை கிழியக் கத்தினார்கள்.

கோடை பிறந்தது. ஆட்டம் தொடங்கியது.

புள்ளிமான் குட்டி முதல் பந்தை எடுத்துக்கொண்டு பறந்து வந்தது. "அதோ வர்றான்! இடது பக்கம்! இல்லை, வலது பக்கம்! உருளு! உருளு!" என்று பதினொரு பேரும் கத்தினார்கள். குதித்தார்கள். தரையே நடுங்கியது. அழுங்கு எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்ற இடத்திலேயே உருண்டான். கோல்!

இரண்டாவது பந்தும் அப்படியே போனது. அந்தப் பக்கம் குளத்துக் காட்டுக்காரர்கள் வழக்கம்போல ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டுவிட்டார்கள். மூன்றுக்கு இரண்டு. ஆட்டம் முடியப் போகும் நேரம். புள்ளிமான் குட்டியிடம் மறுபடி பந்து கிடைத்தது. இது உள்ளே போனால் சமம். சமமானால், வழக்கப்படி போன வருடம் வென்ற மூங்கில் மேட்டுக்கே கரை.

முள்ளி பந்தைப் பார்க்கவில்லை. திரும்பிப் பதினொரு பேரையும் பார்த்தாள். அவள் இரண்டு குட்டிகளும் அவள் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு நின்றன.

"கத்துறதா இருந்தா இவங்க மூஞ்சியைப் பார்த்துக் கத்துங்க!" என்றாள்.

தவளைகள் மூன்றும் குளத்துக்குள் குதித்து முங்கின. குரங்குகள் ஆளுக்கு ஒரு கொய்யாக்காயை வாய்க்குள் திணித்துக்கொண்டன. பன்றி மூக்கைச் சேற்றில் புதைத்தது. முயல்கள் ஒன்றின் வாயை ஒன்று பொத்தின. மான் கண்ணை மூடிக்கொண்டது. கீரி தன் வாலைக் கடித்துக்கொண்டது. ஆமைக்கு வேலை சுலபம். தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

குளக்கரையில் அப்படி ஓர் அமைதியை அந்தக் காடு அதுவரை கேட்டதில்லை.

அழுங்கு தரையில் காது வைத்தான். குளம்புச் சத்தம் வந்தது. ஒரு கால் அழுந்தியது. இடது பக்கம்! நாலு எட்டு நகர்ந்தான். உருண்டு படுத்தான். பனங்காய் அவன் முதுகில் 'ணங்' என்று மோதி, வந்த வழியே திரும்பிப் போனது.

ஆட்டம் முடிந்தது. மூன்று போட்டார்கள், இரண்டு வாங்கினார்கள். கிழக்குக் கரை மிஞ்சியது.

முள்ளி அழுங்கின் அருகே போனாள். இந்த முறை கூச்சப்படவில்லை. "நல்லா இருப்பே தம்பி," என்றாள். பிறகு இரண்டு குட்டிகளையும் முன்னால் விட்டு, தன் வளையைப் பார்த்து நடந்தாள். அழுங்கு எறும்பு தின்னப் போனான்.

மருத மரத்தடியில் பேச்சு மறுபடி சூடு பிடித்தது. "அழுங்கை எடுக்கணும்னு முதல்லயே சொன்னவன் நான்தான்!" என்றது பன்றி. "அடுத்த வருஷம் ஓடுற ஆள்தான் வேணும்!" என்றது மான். யாரும் கூப்பிடாத கருமந்தியும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்து நடுவில் உட்கார்ந்தது. "என் காலத்துல எல்லாம்..." என்று தொடங்கியது.

ஆள் தேடுகிறவர்கள் தங்களுக்குப் பிடித்ததைத் தேடக் கூடாது, தங்களிடம் இல்லாததைத் தேட வேண்டும். அதைத் தெரிந்துகொண்ட முள்ளி வீட்டுக்குப் போய்விட்டாள், மரத்தடியில் மிச்சம் இருந்தவர்கள் மறுபடியும் சரியாகப் பன்னிரண்டு பேர்.